ஸ்கேனர் போதும் என்பவர்களுக்கு

"ஸ்கேனர் போட்டாச்சா? கோட் என்ன வந்துச்சு? அப்போ அந்த சென்சாரை மாத்திடு." திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் எந்த ஷெட்டில் போய் நின்றாலும் இந்த மூன்று வாக்கியமும் காதில் விழும். ராயபுரத்திலும் இதே பேச்சு, எண்ணூரிலும் இதே பேச்சு. ஒயரில் ஓடும் வோல்ட்டேஜைத் திரையில் அலையாக வரைந்து காட்டும் ஆஸிலோஸ்கோப் என்று ஆரம்பித்தால், "அதெல்லாம் லேபுல வச்சிக்கிறதுபா, நமக்கெதுக்கு" என்று முடித்துவிடுகிறார்கள். இப்படிச் சொல்கிறவர்கள் வேலை தெரியாதவர்கள் அல்லர். முப்பது வருஷம் ஒயரிங் பார்த்த கைகள். எனக்கு டெஸ்ட் லாம்ப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர்களும் அவர்களில் உண்டு. ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் அவர்கள் சொல்வது தவறு. அந்தத் தவறுக்குக் காசு கொடுக்கிறவர் வண்டிக்காரர். அதனால்தான் மரியாதைக்காக வாயை மூடிக்கொண்டு இருக்க என்னால் முடியவில்லை.

போன வருஷம் மழை ஓய்ந்த சமயம். காசிமேட்டிலிருந்து ஒரு தம்பி டீசல் கார் ஒன்றைக் கொண்டுவந்தார். கால் டாக்சி ஓட்டுகிறவர், வண்டிக்கு இன்னும் தவணை பாக்கி. "காலைல நல்லா எடுக்குதுணா. சூடாயிடுச்சுன்னா எக்ஸ்பிரஸ் ரோட்ல, டிரெய்லருக்கு நடுவுல பொசுக்குனு நின்னுடுது. அரை மணி நேரம் ஆறவிட்டா ஒண்ணும் நடக்காத மாதிரி திரும்ப எடுக்குது" என்றார். ஸ்கேனர் காட்டிய கோட் பி0335. கிராங்க் சென்சார் என்று முதல் ஷெட்டில் மாற்றினார்கள். நாலு நாள் ஓடியது, மறுபடி நின்றது. டூப்ளிகேட் சென்சார் போட்டிருப்பார்கள் என்று இரண்டாவது இடத்தில் இன்னொன்றைப் போட்டார்கள். மூன்றாவது இடத்தில், "ஈ.சி.எம். போச்சு, நாப்பதாயிரம் ஆகும்" என்றார்கள். அவர் என்னிடம் வந்ததே அந்த ஈ.சி.எம்., அதாவது இன்ஜின் கம்ப்யூட்டர், பழையதாக எங்கேயாவது குறைந்த விலைக்குக் கிடைக்குமா என்று கேட்கத்தான்.

கப்ளரைக் கழற்றாமல், ஒயரின் ரப்பர் ஓரமாகப் பின்னாலிருந்து மெல்லிய ஊசியைச் சொருகி, ஸ்கோப்பின் ஒரு சேனலை கிராங்க் சென்சாரின் சிக்னல் ஒயரிலும் இன்னொன்றை அதே சென்சாரின் எர்த் ஒயரிலும் வைத்தேன். ஸ்கோப்பின் எர்த் கிளிப்பை நேராக பேட்டரி நெகட்டிவில் மாட்டினேன். வண்டியை ஸ்டார்ட் செய்தால் திரையில் அழகான சதுரக் கட்டங்கள்: கீழே பூஜ்யம், மேலே 5 வோல்ட், வரிசையாக 58 பல், அப்புறம் இரண்டு பல் அகலத்துக்கு ஓர் இடைவெளி, மறுபடி 58. குறை என்று எதுவுமில்லை. ஏ.சி.யைப் போட்டு, போனட்டை மூடி, இருபத்தைந்து நிமிஷம் சூடாக விட்டோம்.

அதற்கப்புறம்தான் கட்டங்களின் அடிக்கோடு மெல்ல மேலே ஏற ஆரம்பித்தது. பூஜ்யத்தில் இருந்தது அரை வோல்ட்டுக்கு வந்தது, பிறகு ஒன்று. பேட்டரி தட்டுக்குக் கீழே போகும் ஒயர் கட்டைக் கையால் லேசாக அசைத்ததும் இரண்டைத் தாண்டியது. சில பற்கள் கீழே இறங்காமல் பாதியிலேயே தொங்கின. இன்ஜின் நின்றது. எர்த்தில் வைத்த இரண்டாவது சேனலும் அதே நேரத்தில், அதே அளவுக்கு மேலே ஏறியிருந்தது. அவ்வளவுதான் தேவைப்பட்டது. சென்சார் தன் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தது. அதற்குக் கீழே இருந்த தரைதான் தூக்கிக்கொண்டது. டேப்பைப் பிரித்துப் பார்த்தால், மூன்று எர்த் ஒயர்கள் சேரும் ஜாயின்ட் பச்சை பூத்து மாவாக உதிர்ந்தது. வெட்டி, சுத்தம் பண்ணி, ஈயம் வைத்து, ஹீட் ஷ்ரிங்க் போட்டு மூடினேன். இரண்டு மணி நேரக் கூலி வாங்கினேன். அந்தத் தம்பி காசு கொடுத்து மாற்றிய இரண்டு சென்சார்களும் நல்லவை, முதலில் கழற்றிப் போட்டதும் நல்லதுதான்.

இதில் யார் பொய் சொன்னார்கள்? ஸ்கேனர் சொல்லவில்லை. பி0335 என்ற கோடுக்குச் சர்வதேசத் தரப் பட்டியலில் எழுதியிருக்கும் பொருள் 'கிராங்க்‌ஷாஃப்ட் பொசிஷன் சென்சார் ஏ சர்க்யூட்' என்பது. கடைசியில் நிற்கும் சர்க்யூட் என்ற சொல்லை நாம்தான் விழுங்கிவிடுகிறோம். சர்க்யூட் என்றால் சென்சார், அதற்குப் போகும் சப்ளை, திரும்பி வரும் எர்த், சிக்னல் ஒயர், வழியில் இருக்கும் கப்ளர்கள், ஜாயின்ட்கள், ஈ.சி.எம்.முக்குள் இருக்கும் அதன் வாசல் எல்லாம் சேர்ந்தது. இந்தத் தெருவில் திருட்டு நடந்திருக்கிறது என்று கோட் சொல்கிறது. நாம் தெருவின் முதல் வீட்டுக்காரரைப் பிடித்து உள்ளே போடுகிறோம்.

"ஸ்கேனர்லயே லைவ் டேட்டா வருது, கிராஃப் கூட வருது, அப்புறம் என்ன?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான், பதிலும் இருக்கிறது. லைவ் டேட்டாவில் வருவது ஈ.சி.எம். தன் கணக்கை முடித்துவிட்டுத் தரும் எண். ஒயரில் என்ன ஓடியது என்பது அதில் வராது. ஈ.சி.எம்.முக்குப் பல் எண்ண முடியவில்லை என்றால் ஆர்.பி.எம். பூஜ்யம் என்று ஸ்கேனர் காட்டும். ஏன் எண்ண முடியவில்லை என்பது ஈ.சி.எம்.முக்கே தெரியாது, அப்புறம் ஸ்கேனருக்கு எப்படித் தெரியும்? அந்த எண்ணும் ஒரு விநாடியில் சில தடவைதான் புதுப்பிக்கப்படும். இடையில் நடந்தது நடந்ததுதான்.

மல்டிமீட்டர் போதும் என்பவர்களுக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். ஐட்லிங்கில் 800 ஆர்.பி.எம். என்றால் இன்ஜின் விநாடிக்குப் பதிமூன்று சுற்றுக்குக் கொஞ்சம் கூடுதலாகச் சுற்றுகிறது. சுற்றுக்கு 58 பல். விநாடிக்கு எழுநூற்று எழுபதுக்கும் மேற்பட்ட பற்கள் சென்சாரைக் கடக்கின்றன, ஒரு பல்லுக்கு ஒன்றேகால் மில்லி விநாடி. மல்டிமீட்டர் தன் எண்ணை விநாடிக்கு மூன்று நான்கு தடவைதான் மாற்றுகிறது. 5 வோல்ட்டும் பூஜ்யமுமாகத் துடிக்கும் ஒயரில் அதை வைத்தால் இரண்டரை வோல்ட்டை ஒட்டி ஒரு சராசரியைக் காட்டும். நடுவில் நாலு பல் காணாமல் போனாலும் அந்த இரண்டரை அசையாது. இன்ஜின் நின்றுபோவதற்கு அந்த நாலு பல் போதும். கன்டினியூட்டி பார்த்தால் குளிர்ந்த ஜாயின்ட்டில் 'பீப்' என்று சத்தம் வரும். அந்தத் தம்பியின் வண்டியிலும் மூன்று இடத்தில் மூன்று பேர் பீப் கேட்டார்கள்.

மீட்டரைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. என் சட்டைப் பையில் இன்றைக்கும் டெஸ்ட் லாம்ப் இருக்கிறது. ஃப்யூஸ் போனது, பல்பு எரியவில்லை, பேட்டரி டெர்மினல் லூஸ், செல்ஃப் மோட்டார் கேபிளில் வோல்ட்டேஜ் விழுகிறது, இப்படிப்பட்ட வேலைகளுக்கு ஸ்கோப்பை எடுப்பது நேர விரயம். ஓடிக்கொண்டிருக்கும்போது மட்டும் வந்து, பார்ப்பதற்குள் ஓடிவிடும் கோளாறு வேறு ஜாதி. இன்றைக்கு ஷெட்டில் நம்மை அலைக்கழிப்பதெல்லாம் அந்த ஜாதிதான்.

வண்டியே மாறிவிட்டது என்பதை நாம் மனதார ஒப்புக்கொள்ளவில்லை. 2020 ஏப்ரல் 1-ல் நாடு முழுக்க பி.எஸ்.6 புகை விதி வந்தது. 2023 ஏப்ரலில் அதன் இரண்டாம் கட்டம், அதாவது சாலையில் ஓடும்போதே புகையளவைக் கண்காணிக்க வேண்டும் என்ற விதி. நம் பகுதியில் துறைமுகத்துக்கு வரிசை கட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகளில் சைலன்சரை ஒட்டி, புகையில் நைட்ரஜன் ஆக்சைடை அளக்கும் நாக்ஸ் சென்சார் இருக்கிறது. அது பழைய சென்சார்களைப் போல வெறும் வோல்ட்டேஜ் அனுப்புவதில்லை. தனக்கென்று ஒரு சின்ன கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு, கேன் என்ற இரட்டை ஒயரில் செய்தியாக அனுப்புகிறது. பாஷ் நிறுவனம் 1986-ல் உலகுக்குக் காட்டிய முறை அது. காரில் பெரும்பாலும் விநாடிக்கு ஐந்து லட்சம் பிட் வேகம், ஒரு பிட்டுக்கு இரண்டு மைக்ரோ விநாடி. லாரியில் பெரும்பாலும் அதில் பாதி. ஓய்வில் இரண்டு ஒயரும் இரண்டரை வோல்ட்டில் நிற்கும். பேசும்போது ஒன்று மூன்றரைக்கு ஏறும், மற்றது ஒன்றரைக்கு இறங்கும். குளக்கரை மரமும் தண்ணீரில் அதன் நிழலும் போல ஒன்றுக்கொன்று நேர்தலைகீழாக இருக்க வேண்டும். அந்த நிழல் சிதைந்திருப்பதை மல்டிமீட்டரால் காட்ட முடியாது. 2.6, 2.4 என்று சமர்த்தாக இரண்டு எண்ணைக் காட்டிவிட்டு இருக்கும்.

கேன் லைனே படுத்துவிட்டால் ஸ்கேனர் கதை இன்னும் மோசம். அந்த ஒயர் வழியாகத்தானே அதுவும் பேச வேண்டும்? 'கம்யூனிகேஷன் எரர்' என்று நின்றுவிடும். அந்த இடத்தில்தான் "ஈ.சி.எம். டெட்" என்ற தீர்ப்பு பிறக்கிறது. அந்த நேரத்தில் முதலில் செய்ய வேண்டியது மீட்டர் வேலைதான்: பேட்டரியைக் கழற்றிவிட்டு இரண்டு கேன் ஒயருக்கும் நடுவில் 60 ஓம் இருக்கிறதா பார்ப்பது. இரண்டு கோடியிலும் 120 ஓம் ரெசிஸ்டர் இருப்பதால் அந்தக் கணக்கு. 120 காட்டினால் எங்கேயோ ஒயர் அறுந்திருக்கிறது. 60 சரியாக இருந்தும் வண்டி பேசவில்லை என்றால் ஸ்கோப்பை மாட்டி, ஒவ்வொரு யூனிட்டாகக் கழற்றிக்கொண்டே வந்தால், எந்த யூனிட்டைக் கழற்றியதும் நிழல் சரியாகிறதோ அதுதான் குற்றவாளி. ஒரு மதியத்தில் முடிகிற வேலை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், எனக்கு மிகவும் பிடித்த சோதனை. பேட்டரி கேபிளைச் சுற்றி கரன்ட் கிளாம்பை மாட்டி, இன்ஜின் எடுக்காதபடி டீசலை நிறுத்திவிட்டு, பத்து விநாடி செல்ஃப் அடித்தால் போதும். ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை அழுத்தும்போது செல்ஃப் மோட்டார் திணறும், திணறும்போது கூடுதல் கரன்ட் இழுக்கும். திரையில் அலை அலையாக மேடுகள் வரும். நாலு சிலிண்டர் வண்டியில் நாலில் ஒரு மேடு மட்டும் குட்டையாக வந்துகொண்டே இருந்தால், அந்த சிலிண்டரில் கம்ப்ரஷன் குறைவு. இன்னொரு சேனலை கேம் சென்சாரில் வைத்தால் அது எத்தனையாவது சிலிண்டர் என்பதும் தெரிந்துவிடும். ஒரு நட்டுகூடக் கழற்றவில்லை, ஒரு ஒயரைக்கூட வெட்டவில்லை. இன்ஜெக்டர்களைக் கழற்றி கேஜ் மாட்டிப் பார்க்க அரை நாள் ஆகும், கழற்றுகிற போது ஓர் இன்ஜெக்டர் இறுகி உடைந்தால் அந்தச் செலவு வேறு. இதைப் பார்த்த பிறகும் ஸ்கோப் எலக்ட்ரீஷியனுக்கு வேண்டாத சாமான் என்று ஒருவர் சொல்வாரானால், அவர் இதைப் பார்க்கவில்லை என்றே நினைப்பேன்.

லேப் சாமான் என்ற பேச்சுக்கு வருகிறேன். 1897-ல் ஜெர்மனியில் ஃபெர்டினாண்ட் பிரவுன் ஸ்கோப்புக்கு அடிப்படையான முதல் கேத்தோடு கதிர்க் குழாயைச் செய்தபோது அது லேப் சாமான்தான். ஆனால் அமெரிக்க ஒர்க்‌ஷாப்களில், ஈ.சி.எம். என்ற பேச்சே இல்லாத பிளாட்டினம் பாயின்ட் காலத்திலேயே, சன் நிறுவனத்தின் அலமாரி அளவு இன்ஜின் அனலைசர்கள் இக்னிஷன் அலையைத் திரையில் காட்டிக்கொண்டிருந்தன. எந்த பிளக் தீப்பொறி விடவில்லை என்று அங்கே மெக்கானிக் திரையைப் பார்த்துச் சொன்னார். இங்கே எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்த பிள்ளைகள் எல்லோருக்கும் சி.ஆர்.ஓ. என்ற பெயரில் இது பழக்கம். லேபில் சைன் அலையைப் பார்த்து ரெக்கார்டு எழுதியவர்கள்தான். அந்தப் பெட்டியும் நம் ஷெட்டும் சந்தித்துக்கொள்ளாமல் போனது நம் ஊரின் பழக்கக் குறை, பெட்டியின் குறையல்ல.

"படிச்சவங்களுக்குத்தான் அது புரியும்" என்ற பேச்சுக்கு மட்டும் எனக்கு உண்மையாகவே கோபம் வரும். 1948-ல் அசோக் மோட்டார்ஸ் தொடங்கி, எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டிய ஊர் இது. 1956-லிருந்து திருவொற்றியூரில் புல்லட் பூட்டிய ஊர். பாயின்ட் இடைவெளியை வெறும் கண்ணால் வைத்தவர்களும், சத்தத்தைக் கேட்டு டைமிங் திருப்பியவர்களும் நம் அப்பாக்களும் மாமாக்களும்தான். அதுவும் வேண்டாம், காசிமேட்டு விசைப்படகில் ஏறிப் பாருங்கள். எக்கோ சவுண்டர் திரையில் கலங்கலாகத் தெரியும் வண்ணத் திட்டைப் பார்த்து, இது பாறை, இது சேறு, இது மீன் கூட்டம் என்று பிரித்துச் சொல்கிறார் ஒருவர். அவர் எந்தக் காலேஜில் படித்தார்? திரையில் ஓடும் கோட்டைப் படிக்கும் கலை இந்தக் கடற்கரையில் ஏற்கெனவே இருக்கிறது. கடலுக்குப் போகிறவருக்கு வரும் வித்தை அவர் தம்பிக்கு ஷெட்டில் வராது என்று சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது.

விலை? கையடக்கமான இரண்டு சேனல் ஸ்கோப் ஒன்று, ஒரு லாரியின் நாக்ஸ் சென்சார் விலைக்குள் ரிச்சி தெருவில் கிடைக்கிறது. வெளிநாட்டு பிராண்டுகளின் கார் ஸ்கோப் செட்டுகள் பல மடங்கு விலைதான், அதை மறைக்கவில்லை. ஆரம்பிக்க அது தேவையில்லை. ஒரு எச்சரிக்கை மட்டும்: இக்னிஷன் காயிலின் பிரைமரியில் முந்நூறு, நானூறு வோல்ட் வரை எகிறும், இன்ஜெக்டரிலும் சுவிட்ச் அணையும் நொடியில் அறுபது எழுபது துள்ளும். வோல்ட்டேஜைக் குறைத்துக் கொடுக்கும் அட்டென்யூவேட்டர் இல்லாமல் சின்ன ஸ்கோப்பை அங்கே வைத்தால் ஸ்கோப் போய்விடும். இதைத் தெரிந்துகொள்ளாமல் எரித்துவிட்டு "பெட்டி சரியில்லை" என்றவர்களையும் பார்த்திருக்கிறேன்.

அவர்கள் வைக்கும் வாதங்களில் எனக்குக் கொஞ்சம் கனமாகத் தோன்றுவது ஒன்றே ஒன்று: "நல்ல அலை எப்படி இருக்கும்னு தெரியாம கெட்ட அலையை எப்படிக் கண்டுபிடிப்ப?" சரியான கேள்வி. கம்பெனிகள் அதை நமக்குத் தருவதில்லை. வெளி ஷெட்டுகளுக்கு ஸ்பேர் பார்ட்ஸும் டயக்னாஸ்டிக் கருவியும் கிடைக்காமல் செய்ததற்காக 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் போட்டு, இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25-ல் தீர்ப்பளித்தது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. நம் ஷெட்டுக்கு அந்தத் தீர்ப்பால் ஒரு ஒயரிங் டயகிராம்கூட வந்து சேரவில்லை. இந்த நிலைமைதான் ஸ்கோப் வேண்டும் என்பதற்கு என்னுடைய முதல் காரணம். ஸ்கேனருக்கு லைசென்ஸ் வேண்டும், அப்டேட்டுக்கு வருஷா வருஷம் பணம் கட்ட வேண்டும், பாஸ்வேர்டு போட்டுப் பூட்டவும் முடியும். ஒயரில் ஓடும் வோல்ட்டேஜைப் பூட்ட முடியாது.

நல்ல அலைக்கு நாமே வழி செய்துகொள்ளலாம், அதுவும் இந்தப் பகுதியில் சுலபம். நம்மிடம் வருவது என்ன, நூறு வகை வண்டியா? டாக்சி ஓடும் நாலைந்து மாடல், துறைமுகத்துக்குப் போகும் நாலைந்து லாரி. ஆயில் மாற்ற வரும் நல்ல வண்டியில் பத்து நிமிஷம் கூடுதலாக எடுத்து, கிராங்க், கேம், கேன், செல்ஃப் கரன்ட் நான்கையும் பிடித்து, மாடலும் வருஷமும் எழுதி போனில் சேர்த்து வையுங்கள். நான் இரண்டு வருஷமாகச் சேர்க்கிறேன். என் ஷெட்டுக்கு வரும் வண்டிகளில் இப்போது ஒப்பிட்டுப் பார்க்க ஆள் தேட வேண்டியதில்லை.

நேரம் இல்லை என்று அவசரப்படுகிறவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். டெஸ்ட் லாம்ப் ஊசியால் ஒயரின் தோலைக் குத்திக் குத்திப் பார்க்கிறோமே, அந்த ஓட்டை என்ன ஆகிறது? வேறு ஊரில் பரவாயில்லை. இங்கே ராத்திரி முழுக்கக் கடற்காற்று. எக்ஸ்பிரஸ் ரோடு ஓரத்தில் நிறுத்திய வண்டியின் கண்ணாடியில் காலையில் விரல் வைத்தால் உப்பு பிசுபிசுக்கிறது. நாம் குத்திய ஓட்டை வழியே அதே உப்பு ஒயருக்குள் போய், அடுத்த மழைக்குள் செம்பு பச்சையாகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் எண்ணூர்ப் பக்கம் எண்ணெய் கலந்த தண்ணீரில் நின்ற வண்டிகளைக் கழுவி ஓட்டினார்கள். கப்ளருக்குள் போன ஈரத்தை யாரும் கழுவவில்லை. இப்படிப் பாதி உயிரோடு இருக்கும் ஜாயின்ட்களை சாமான் மாற்றி மாற்றிப் பிடிக்க முடியாது. அவசரப்பட்டு மாற்றிய சாமான் நாலாம் நாள் திரும்பி வருகிறதே, அந்த இரண்டாவது தடவைக்கு மட்டும் நேரம் எங்கிருந்து வருகிறது?

என் ஷெட்டில் பழைய மிக்சர் மோட்டாரில் பல் சக்கரம் ஒன்றை மாட்டி வைத்திருக்கிறேன். சென்சாரை அதற்கு முன்னால் பிடித்து, 5 வோல்ட் சப்ளை கொடுத்து, ஸ்கோப்பில் பார்த்தால் அது உயிரோடு இருக்கிறதா என்பது அரை நிமிஷத்தில் தெரியும். சூடாக்கிப் பார்க்க ஹீட் கன்னும் இருக்கிறது. நான் எழுதியதை ஏற்காதவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வாருங்கள். வரும்போது உங்கள் ஷெட் மூலையில் டின்னில் கிடக்கும் 'போன' கிராங்க் சென்சார்களையும் எடுத்து வாருங்கள். ஒவ்வொன்றாக மாட்டிப் பார்ப்போம்.